கேஸை அணைச்சேனா... இல்லையா?

அறுபதுக்கு மேல்... – 14

போன மாதம் திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் அம்மா பதறினார்.

"தம்பி, வண்டியைக் கொஞ்சம் திருப்புப்பா. கேஸை அணைச்சேனா இல்லையான்னு தெரியல."

திரும்பிப் போய்ப் பார்த்தோம். அடுப்பு அணைந்திருந்தது. ரெகுலேட்டரும் மூடியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். எனக்கே மாதம் இரண்டு முறை நடப்பதுதானே இது! ஆனால், அம்மா சிரிக்கவில்லை. மண்டபம் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று ராத்திரி சார்ஜரைத் தேடி மேஜை டிராயரைத் திறந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் 40 பக்க நோட்டு ஒன்று இருந்தது. முதல் பக்கத்தில் அம்மாவின் குண்டு குண்டான கையெழுத்தில் 'மறதி' என்று தலைப்பு. கீழே வரிசையாக...

'திங்கள்: கேஸ்.
செவ்வாய்: எதிர்வீட்டு மருமகள் பெயர் வரவில்லை. சாயங்காலம் வந்தது.
புதன்: மொட்டை மாடிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நின்றேன்.
வெள்ளி: தம்பி போனில் சொன்ன தேதி நினைவில்லை. "அதான் சொன்னேனேம்மா" என்று கோபித்துக்கொண்டான்.'

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அம்மா 31 வருடம் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவர். 71 வயதில் தனக்குத் தானே தப்பு போட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னம்மா இது?"

நோட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாய் திறந்தார். "உங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான்டி ஆரம்பிச்சுது."

பெரியம்மா கடைசி மூன்று வருடம் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்து போனவர். கூடவே இருந்து சாப்பாடு ஊட்டியது அம்மாதான். ஊட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க யாரும்மா?" என்று கேட்ட அக்காவை அம்மாவால் மறக்க முடியவில்லை.

பேசப் பேச இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. போனில் ஒரு விளம்பரம் பார்த்து, 'மூளைக்குப் புத்துயிர்' தரும் 21 நாள் தியான வகுப்பில் எங்களிடம் சொல்லாமலே சேர்ந்திருக்கிறார். பென்ஷனிலிருந்து 6,000 ரூபாய். தினமும் காலை 5 மணிக்கு மொபைலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்காருவாராம். அதுகூடப் பரவாயில்லை. அந்த வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒருவர், 'மூச்சுப் பயிற்சியிலேயே பி.பி. இறங்கிவிடும், மாத்திரை எதற்கு?' என்று எழுதியிருக்கிறார். அம்மா மூன்று வாரமாக பி.பி. மாத்திரையைத் தொடவே இல்லை.

மறுநாள் காலை பக்கத்து கிளினிக்கில் பார்த்தோம். 170/100.

மூளையைக் காப்பாற்றத்தான் அம்மா இவ்வளவும் செய்தார். கடைசியில், மூளையைக் காவல் காத்துக்கொண்டிருந்த மாத்திரையையே நிறுத்திவிட்டார். உங்கள் வீட்டிலும் ஓர் அம்மாவோ, மாமனாரோ, பெரியப்பாவோ இதே பயத்தில் இதே மாதிரி எதையாவது செய்துகொண்டிருக்கலாம். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

உள்ளே வராதது எப்படித் தொலையும்?

முதலில் அந்த கேஸ் விஷயம். அதை மறதி என்கிறோம். ஆனால், பெரும்பாலும் அது மறதியே இல்லை.

ஒரு விஷயம் நினைவில் நிற்க மூன்று படிகள் வேண்டும். உள்ளே வர வேண்டும். பத்திரமாக இருக்க வேண்டும். கேட்கும்போது வெளியே வர வேண்டும். மூளையின் உள்பக்கத்தில், காதுகளுக்கு நேராக, இரண்டு பக்கமும் கடல் குதிரை போல வளைந்த 'ஹிப்போகேம்பஸ்' என்ற பகுதி இருக்கிறது. புதிய அனுபவங்களை நினைவாக மாற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அல்சைமர் நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஆனால், அந்த முதல் படிக்கு ஒரு வாசல் இருக்கிறது. அதுதான் கவனம். அம்மா அடுப்பை அணைக்கும்போது கை மட்டும்தான் அங்கே இருந்தது. மனசு, மொய்க் கவரை எடுத்தோமா, பூட்டு எங்கே, ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறாரே என்று ஓடிக்கொண்டிருந்தது. 'கேஸை அணைத்தேன்' என்ற செய்தி வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. உள்ளே வராத பொருளை வீடு முழுக்கத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இது 20 வயதிலும் நடக்கும். அப்போது தலையில் அடித்துக்கொண்டு மறந்துவிடுவோம். 70 வயதில் நடந்தால், 'ஐயோ, எனக்கு ஆரம்பிச்சிருச்சு' என்று பயந்துவிடுகிறோம். பயம் வந்தால் கவனம் இன்னும் சிதறும். கவனம் சிதறினால் இன்னும் மறக்கும். அந்த நோட்டில் பெருக்கல் குறிகள் கூடிக்கொண்டே போனதற்கு ஒரு காரணம், அந்த நோட்டேதான்.

எது வயசு, எது நோய்?

அதற்காக எல்லாவற்றையும் 'கவனக்குறைவுதான்' என்று தள்ளிவிடவும் கூடாது. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையில் சுமார் 88 லட்சம் பேர். 'வயசானா அப்படித்தான்' என்று வீட்டோடு வைத்துக்கொண்டு பல குடும்பங்கள் வருடக்கணக்கைத் தவறவிடுகின்றன.

வித்தியாசத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம்.

● பெயர் உடனே வராமல் சாயங்காலம் வந்தால், வயசு. நெருங்கிய சொந்தத்தையே யார் என்று கேட்டால், டாக்டரிடம் போக வேண்டும்.

● சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினால், வயசு. சாவி எதற்கு என்றே புரியாமல் கையில் வைத்துப் பார்த்தால், டாக்டர்.

● சொன்ன கதையை அடுத்த மாதம் திரும்பச் சொன்னால், வயசு. அரை மணி நேரத்தில் அதே கேள்வியை நான்கு முறை கேட்டால், டாக்டர்.

● புது ஊரில் வழி தவறினால் யாருக்கும் சகஜம். இருபது வருடம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நின்றால், டாக்டர்.

● வருடக்கணக்காகச் செய்த சமையலில் படிகள் குழம்புவது, பால் கணக்குப் போட முடியாமல் போவது, சுபாவமே மாறிப்போவது. இவையும் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை.

அம்மாவை மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சில சொற்களைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். கடிகாரம் வரைந்து, சொன்ன நேரத்துக்கு முள் வைக்கச் சொன்னார். கணக்குக் கேட்டார். அம்மா எல்லாவற்றையும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததுபோல எழுதிவிட்டு, "மார்க் எவ்வளவு சார்?" என்றார்.

டாக்டர் சிரித்தார். "மறதியை நீங்களே நோட்டுப் போட்டு எழுதிட்டு வந்திருக்கீங்கம்மா. நிஜமா மறதி நோய் முத்தினவங்களுக்கு, தான் மறக்கிறோம்கிறதே பெரும்பாலும் தெரியாது. வீட்டுல இருக்கிறவங்கதான் கூட்டிட்டு வருவாங்க." உடனே ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். "அதுக்காக இதையே உத்தரவாதமா எடுத்துக்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்குவோம்."

பிறகு ரத்தப் பரிசோதனை, காதுப் பரிசோதனை. மறதிபோலத் தோன்றி, கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய உண்டு. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கமின்மை, ரத்தத்தில் சோடியம் குறைவது, சில தூக்க மாத்திரைகள், சில அலர்ஜி மாத்திரைகள், கீழே விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்திருப்பது... இவற்றையெல்லாம் பார்க்காமல் 'மறதிக்குத் தியானம்' என்று கிளம்புவது, ஓட்டு வீடு ஒழுகும்போது தரையை மட்டும் துடைப்பதுபோல.

அம்மாவுக்கு பி12 குறைவாக இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், இரண்டு காதிலும் கேட்கும் திறன் நன்றாகவே குறைந்திருந்தது.

எனக்கு அந்த நோட்டின் வெள்ளிக்கிழமை வரி ஞாபகம் வந்தது. 'தம்பி போனில் சொன்ன தேதி நினைவில்லை.' அவன் சொன்னது அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவே இல்லை. கேட்டதைப்போல 'ம்... ம்...' என்று சமாளித்திருக்கிறார். அதற்கும் தன் தலையிலேயே தப்பு போட்டுக்கொண்டார். நாங்களும், "எத்தனை தடவைம்மா சொல்றது?" என்று எரிந்து விழுந்திருக்கிறோம்.

கண்மூடி உட்கார்ந்தால் மறதி போகுமா?

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்டார். "அப்ப நான் கண்ணை மூடி உக்காந்ததெல்லாம் வேஸ்ட்டா?"

நியாயமான கேள்வி. அவர் சேர்ந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தது, இப்போது உலகம் முழுக்க 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று பேசப்படும் முறையைச் சார்ந்தது. நடந்துபோனதிலோ நடக்கப்போவதிலோ அலையாமல், இந்த நொடியில் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. இதன் வேர் பௌத்த மரபில் இருக்கிறது. மருத்துவமனைக்குள் இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் கபாட்-ஜின். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வாழ்ந்த நோயாளிகளுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். முதல் வகுப்பில் ஒரே ஓர் உலர் திராட்சையைக் கையில் கொடுத்து, பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிடச் சொல்வார்கள். 'திராட்சைப் பயிற்சி' என்றே அதற்குப் பெயர்.

இந்த எட்டு வாரப் பயிற்சி வயதானவர்களின் நினைவாற்றலைக் கூட்டுமா என்று அமெரிக்காவில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். செயின்ட் லூயிஸ், சான் டியேகோ ஆகிய இரண்டு நகரங்களில், 65 முதல் 84 வயதுவரை உள்ள 585 பேர். எல்லாரும் அம்மாவைப் போலத்தான். 'மறதி வருது' என்று கவலைப்பட்டவர்கள். ஆனால், மறதி நோய் இல்லாதவர்கள். ஒரு குழுவுக்கு மைண்ட்ஃபுல்னெஸ், ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு இரண்டும், நான்காவது குழுவுக்கு வெறும் ஆரோக்கியப் பாடம்.

முடிவு 2022 டிசம்பரில் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியானது. ஆறு மாதத்தில் நினைவாற்றலிலும், திட்டமிட்டுச் செயல்படும் திறனிலும் குழுக்களுக்கு இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 18 மாதம்வரை தொடர்ந்து பார்த்தும் படம் மாறவில்லை.

அதே ஆண்டு பிரான்ஸிலிருந்து இன்னோர் ஆய்வு. நார்மண்டியில் உள்ள கான் நகரில், 65 வயதைக் கடந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு 18 மாதம் தியானம். ஒரு பகுதியினருக்கு 18 மாதம் ஆங்கில வகுப்பு. மூன்றாவது பகுதியினருக்கு எதுவும் இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், எதிர்பார்த்த மூளைப் பகுதிகள் தியானத்தால் பெரிதாகவும் இல்லை. அங்கே ரத்த ஓட்டம் கூடவும் இல்லை. ஆனால், கவனத்தைக் கையாள்வது, உணர்ச்சிகளைச் சமாளிப்பது, தன்னைப் புரிந்துகொள்வது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, ஆங்கிலம் படித்தவர்களைவிடத் தியானம் செய்தவர்கள் மேலே இருந்தார்கள்.

ஆகவே, 'இதைச் செய்தால் மறதி நோய் வராது', 'மூளை வளரும்' என்று யாராவது 6,000 ரூபாய் கேட்டால், தயங்காமல் போனை வைத்துவிடுங்கள்.

பிறகு எதற்கு உட்கார வேண்டும்?

மூன்று காரணங்களுக்காக.

ஒன்று, பயம். மறதியைவிட மறதி பற்றிய பயம்தான் அம்மாவை அதிகம் தின்றது. 'இப்போது ஒரு பயம் வந்திருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, இதோ மெல்ல இறங்குகிறது' என்று பார்க்கப் பழகினால், அந்த பயத்தின் பின்னாலேயே ஓட வேண்டியதில்லை. கவலையும் மனஅழுத்தமும் ஓரளவு குறைய இந்தப் பயிற்சி உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

இரண்டு, தூக்கம். 2015-ல் லாஸ் ஏஞ்சலஸில், தூக்கம் சரியில்லாத 55 வயதுக்கு மேற்பட்ட 49 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். நல்ல தூக்கப் பழக்கங்களைப் பாடமாகக் கேட்டவர்களைவிட, ஆறு வாரம் மைண்ட்ஃபுல்னெஸ் பழகியவர்களின் தூக்கம் நன்றாக இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால், காசு செலவில்லாத, மாத்திரை இல்லாத வழி என்பதால் முயன்று பார்க்கலாம். நன்றாகத் தூங்கினால் மறுநாள் கவனமும் தெளிவாக இருக்கும்.

மூன்று, அந்த வாசல். செய்கிற வேலையில் மனதை வைக்கும் பழக்கம் வந்தால், கேஸ் அணைத்தது மனசில் பதியும். இதற்குப் பெரிய ஞானம் வேண்டாம். ஜப்பானில் ரயில் ஓட்டுபவர்கள் சிக்னலைப் பார்த்ததும் விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்வார்கள். கண், கை, வாய், காது நான்கும் ஒரே விஷயத்தில் குவிவதால் தவறு குறைகிறது. அம்மாவுக்கு இதைச் சொன்னதும் பிடித்துப்போனது. இப்போது அடுப்பை அணைத்ததும் விரலை நீட்டி, "கேஸ் அணைச்சாச்சு" என்கிறார். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுத்த குரலிலேயே!

எப்படி உட்காருவது?

சம்மணம் போட்டு முதுகை நிமிர்த்தி உட்கார முடியாத முட்டிதான் நம்மில் பலருக்கு. கவலை வேண்டாம்.

● கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படட்டும். தலைசுற்றல் இருப்பவர்கள் கண்ணை மூட வேண்டாம். தரையில் ஓர் இடத்தைப் பார்த்தாலே போதும்.

● மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம். அதுவாகப் போய் வரட்டும். மூக்கு நுனியிலோ வயிற்றிலோ அது படும் இடத்தைக் கவனியுங்கள்.

● மனசு ஓடும். இட்லி மாவு, பேரன் ஃபீஸ், மருமகள் சொன்ன வார்த்தை என்று எங்கெங்கோ போகும். போனது தெரிந்ததும், திட்டாமல் மறுபடி மூச்சுக்குக் கூட்டிவாருங்கள். அவ்வளவுதான் பயிற்சி. எத்தனை முறை ஓடினாலும் தோல்வி இல்லை. கூட்டி வருவதுதான் வேலையே.

● ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். பழகியபின் பத்து, பதினைந்து என்று கூட்டலாம். விடியற்காலை 5 மணிதான் என்று கட்டாயம் இல்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்யும் பயிற்சியால் லாபமில்லை.

● உட்காரவே பிடிக்கவில்லையா? மொட்டை மாடியில் மெதுவாக நடந்தபடி, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். கீரை ஆயும்போது கீரையை மட்டும் பாருங்கள். காபியின் முதல் மூன்று வாய்க்கு டி.வி.யை அணைத்து வையுங்கள்.

மனசு ஓடுவதைப் பற்றி அம்மாவிடம் விளக்கப்போனேன். கையை அசைத்து நிறுத்தினார். "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளை உக்கார வைக்கிற மாதிரிதானேடி? ஒண்ணு ஜன்னலுக்கு ஓடும், ஒண்ணு பல்பம் திங்கும். அடிச்சா அழும். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்கணும். திரும்ப ஓடும். திரும்பக் கூட்டிட்டு வரணும். 31 வருஷம் அதைத்தானே பண்ணேன்!"

எட்டு வார வகுப்பின் சாரத்தை இதைவிட நன்றாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அமைதியாக உட்கார்ந்தால் எல்லாருக்கும் அமைதி வரும் என்று சொல்ல முடியாது. சமீபத்தில் துணையை இழந்தவர்கள், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்கள், பழைய அதிர்ச்சி ஏதும் உள்ளே இருப்பவர்கள் சிலருக்கு, தனியாகக் கண்மூடி உட்காரும்போது துக்கமும் பதற்றமும் கூடலாம். அப்படி இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். 'விடாம செய், சரியாயிடும்' என்று வீட்டில் யாரும் வற்புறுத்த வேண்டாம்.

மூளைக்கு நிஜக் காவல் எது?

'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் ஒரு பட்டியல் கொடுத்தது. மாற்றக்கூடிய 14 காரணங்களை வாழ்நாள் முழுக்கச் சரிசெய்தால், உலகில் வரும் மறதி நோயில் சுமார் 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு. அந்த 14 என்னென்ன? படிப்பு இல்லாமை, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலையில் அடிபடுவது, உடல் உழைப்பின்மை, சுகர், புகைபிடித்தல், ரத்த அழுத்தம், உடல் பருமன், அளவுமீறிய குடி, தனிமை, காற்று மாசு, சரிசெய்யாத பார்வைக் குறைவு.

பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். இதில் அம்மா கைவிட்டது ஒன்று, பி.பி. எங்கள் கவனத்துக்கு வராதது ஒன்று, காது. நாங்கள் பேசவே கூசுவது ஒன்று, அப்பா போனபின் அந்த வீட்டில் இருக்கும் தனிமை.

பி.பி. பற்றி ஒரு கணக்கு. அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 9,361 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், மேல் அளவை 140-க்குக் கீழ் வைத்தவர்களைவிட, 120-க்குக் கீழ் கொண்டுவர சிகிச்சை பெற்றவர்களுக்கு, மறதி நோய்க்கு முந்தைய கட்டமான லேசான அறிவாற்றல் குறைபாடு குறைவாக வந்தது. 2019-ல் வந்த முடிவு இது. உங்களுக்கு எந்த அளவு சரி என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால், மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த வாட்ஸ்அப் குரூப்புக்கும் கிடையாது.

'அப்படியானால் எந்த ஒன்றைச் செய்தால் போதும்?' என்று கேட்காதீர்கள். முன்பு சொன்ன அமெரிக்க ஆய்வில் உடற்பயிற்சி மட்டும் செய்த குழுவுக்கும் நினைவாற்றல் கூடவில்லை. ஆனால், ஃபின்லாந்தில், மறதி நோய் வரும் அபாயம் சற்றே கூடுதலாக இருந்த 60 முதல் 77 வயதுவரை உள்ள 1,260 பேரிடம், உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பி.பி.-சுகர் கவனிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் செய்தபோது, சாதாரண ஆலோசனை பெற்றவர்களைவிட அறிவாற்றலில் முன்னேற்றம் தெரிந்தது. 2015-ல் வந்த முடிவு. ஒரு கால் வைத்த நாற்காலி நிற்காது. நாலு காலும் வேண்டும்.

நம் ஊரில் இதற்கு வசதியும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் ஆலோசனைக்கோ உதவிக்கோ 14567 என்ற முதியோர் உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். மனசு பாரமாக இருந்தால் 14416.

சிவப்பு மை தீர்ந்தது

பி.பி. மாத்திரையை அம்மா மறுபடி தொடங்கிவிட்டார். பி12 ஊசி போகிறது. காது மெஷினுக்குத்தான் பெரிய போராட்டம். "அதை மாட்டினா கிழவின்னு சொல்லுவாங்கடி" என்றார். 71 வயதில்! கடைசியில் பேத்திதான் ஜெயித்தாள். "பாட்டி, நான் பாடுறது உங்களுக்குக் கேக்க வேணாமா?" என்று ஒரே ஒரு கேள்வி. மறுவாரம் மெஷின் வந்துவிட்டது.

இப்போது தம்பி தினமும் போன் செய்கிறான். நானும் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அம்மா இரண்டாவது முறை ஏதாவது கேட்டால், "இப்பத்தானே சொன்னேன்" என்று சொல்வதில்லை. அந்த நான்கு எழுத்து 'சொன்னேன்', அந்த நோட்டில் எத்தனை பெருக்கல் குறியாக விழுந்திருக்கும்!

காலையில் பத்து நிமிடம் நாற்காலியில் உட்காருவதை மட்டும் அம்மா விடவில்லை. வகுப்பு இல்லை, மொபைல் இல்லை, காசு இல்லை. "மறதி வராம இருக்க இல்லடி. அந்தப் பத்து நிமிஷம் பயமில்லாம இருக்கு, அதுக்குத்தான்" என்கிறார்.

போன வாரம் வீடியோ காலில் அந்த நோட்டு என்ன ஆனது என்று கேட்டேன். காட்டினார். மறதிப் பக்கங்களைக் கிழித்துப் போட்டிருந்தார். மீதிப் பக்கங்களில் பால் கணக்கு. 12-ம் தேதி ஒரு பாக்கெட் கூடுதலாகப் போட்டதைப் பால்காரர் மறந்துவிட்டாராம். அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது!

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரம் ஒரு கேள்வி கேளுங்கள். "எதையாவது நினைச்சுப் பயப்படுறீங்களா?" என்று. பதில் வர நேரமாகும். கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

(அடுத்த வாரம்: காது மெஷின் வாங்கப்போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை)